ஷீல்டும் லயமும்

1

ஸ்வீடனில் ஏழாயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரின் கால்பந்துக் குழு எந்த ஆண்டு தொடங்கியது, எந்த ஆண்டு எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்கு இறங்கியது, இறங்கிய அன்று எதிரணி எத்தனை கோல் போட்டது என்பதையெல்லாம் இன்று எவரும் தேடிப் படித்துவிடலாம். ஐம்பதாம் ஆண்டு, நூறாம் ஆண்டு என்று புத்தகம் போட்டுக்கொள்வது அங்கே சிறு குழுக்களுக்குக்கூட வழக்கம். வென்ற குழு எழுதுகிறது. வெல்லாத குழுவும் எழுதுகிறது. தோல்வியைக் குறித்துவைப்பது அவர்களுக்குக் கூச்சம் தரும் காரியமாக இல்லை.

நம் பக்கத்தில் சரித்திரம் என்பது கல்லில் வெட்டியிருக்க வேண்டும், அல்லது செப்பேட்டில். தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் பற்றி ஊர் வரலாறு எழுத உட்காருகிறவர்கள் கோயில், பாளையப்பட்டு, சாதி, கட்சி என்ற நான்கு படிகளில் ஏறி இறங்கிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். விளையாட்டு வந்தால் ஜல்லிக்கட்டு வரும். அதுவும் விளையாட்டாக அல்ல, பண்பாடாக. பதினொரு பேர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பந்தின் பின்னால் ஓடியது சரித்திரத்தில் சேர்மானமில்லை. அது பத்திரிகையின் கடைசிப் பக்கத்துச் செய்தி. மறுநாள் அதில் கடலை மடித்துத் தருவார்கள்.

ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் மக்களுக்குக் கால்பந்தோடு நீண்ட சம்பந்தம் உண்டு. சிக்கல் என்னவென்றால் அந்தச் சம்பந்தத்தின் பெரும் பகுதி பள்ளத்தாக்கில் நடக்கவில்லை. அது மேலே, ஐயாயிரம் அடி உயரத்தில், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் நடந்தது. மலை கேரளத்தில் இருப்பதால் தமிழ்நாட்டு விளையாட்டுச் சரித்திரத்தில் அதற்கு இடமில்லை. ஆடியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள் என்பதால் கேரளக் கால்பந்தின் பெருங்கதையிலும் மலபாருக்கும் கொச்சிக்கும் திருச்சூருக்கும் உள்ள இடம் அதற்கு இல்லை. இரண்டு கணக்கிலும் வராத வரவு இது. இப்படிப்பட்டவற்றில்தான் ஒரு வட்டாரத்தின் உண்மையான கணக்கு ஒளிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

2

தாது வருஷப் பஞ்சம் 1876-ல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்றது. அதன் நட்ட நடுவில், 1877 ஜூலை 11 அன்று, ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். ரொக்கமாக ரூ. 5000, வருஷக் குத்தகை ரூ. 3000. பஞ்சமும் குத்தகையும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டு வந்தவை அல்ல. ஆனால் ஒன்று மனிதர்களை இடம்பெயர்த்துக்கொண்டிருந்தபோது மற்றொன்று இடத்தைத் தயார் செய்துகொண்டிருந்தது. சரித்திரத்தில் பல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன, சதி தேவைப்படுவதில்லை.

1879-ல் மலையைப் பங்கு பிரித்துப் பயிரிட ஒரு சங்கம் உண்டாயிற்று. காப்பி, சிங்கோனா என்று போட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலையில் வந்து நின்றார்கள். 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி. அதன் பின்னால் நின்ற முதல் கிளாஸ்கோ நகரத்து ஃபின்லே ஸ்தாபனத்தினுடையது. 1750-ல் தொடங்கியது, பருத்தியில் கொழுத்தது, பிறகு தேயிலைக்கு வந்தது.

அதே காலத்தில் கீழே இன்னொரு குத்தகை. 1886 அக்டோபரில் பெரியாற்று ஒப்பந்தம்: 8000 ஏக்கர், வருஷத்துக்கு ரூ. 40,000, ஆயுள் 999 வருஷம். 1895-ல் அணை திறந்து மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வயல்களை நனைத்துக்கொண்டு வைகைக்குப் போயிற்று. மலையிலிருந்து தண்ணீர் இறங்கியது. மலைக்கு ஆட்கள் ஏறினார்கள். வயல் வைத்திருந்தவனுக்குத் தண்ணீர் வந்தது. வயல் இல்லாதவனுக்கு மலை இருந்தது. பென்னி குக்குக்குப் பள்ளத்தாக்கில் படம் மாட்டாத டீக்கடை குறைவு. மன்றோவின் பெயர் அங்கே எவருக்கும் தெரியாது. இரண்டு பேரும் பள்ளத்தாக்கின் வாழ்க்கையை மாற்றியவர்கள்தான்.

மலைக்குப் போகும் வழி போடிநாயக்கனூரில் தொடங்குகிறது. கொட்டகுடி, குரங்கணி, அங்கிருந்து செங்குத்தாக டாப் ஸ்டேஷன். பெயரைக் கவனிக்க வேண்டும். ரயில் இல்லாத மலை முகட்டுக்கு ஸ்டேஷன் என்று பெயர். ரயில் இருந்தது. மூணாற்றிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை முதலில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த வண்டி. 1908 முதல் குறுகிய பாதையில் நீராவி ரயில். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. 1924 ஜூலை வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. அதன்பின் அந்த ரயிலை யாரும் திருப்பிப் போடவில்லை. பெயர் மட்டும் முகட்டில் நிற்கிறது.

போடி வழியாக இறங்கியது தேயிலை. ஏறியது அரிசியும் ஆளும். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவான். முன்பணம் கடனாகும், கடன் ஆளைக் கட்டும். பள்ளத்தாக்கிலிருந்து மட்டுமல்ல, திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கூட்டங்கூட்டமாக இந்த வழியில் ஏறினார்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். மேலே அவர்களுக்குக் கிடைத்தது லயம்: ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். அந்த வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது.

3

இந்த லயங்களின் நடுவில் பந்து எப்படி வந்தது?

துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதே பாதி விடை. உலகின் முதல் சர்வதேசக் கால்பந்துப் போட்டி 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில், ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்தது. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. மன்றோ மலையைக் குத்தகைக்கு எடுப்பதற்கு ஐந்து வருஷம் முன்பு. கிளாஸ்கோ ஏற்றுமதி செய்த சரக்குகளில் ஃபின்லேயின் மூலதனமும் ஒன்று, கால்பந்தும் ஒன்று. இரண்டும் ஒரே மலையில் வந்து சேர்ந்தது தற்செயல் அல்ல.

துரைகளுக்கென்று ஹை ரேஞ்ச் கிளப் இருந்தது. அங்கே டென்னிஸும் கோல்ஃபும். தொழிலாளிக்குக் கால்பந்து. இந்தப் பிரிவினையில் ஒரு பொருளாதாரம் உண்டு. கோல்ஃபுக்கு நிலம் வேண்டும், கருவி வேண்டும், பை சுமக்க ஆள் வேண்டும். கால்பந்துக்கு ஒரு பந்து போதும். இருபத்திரண்டு பேர் அதைப் பகிர்ந்துகொள்ளலாம். தலைக்கு எத்தனை காசு என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த கம்பெனிக்கு இதைவிட மலிவான கேளிக்கை கிடைக்காது.

1941-ல் தோட்டங்களுக்கு இடையிலான போட்டி தொடங்கியது. பரிசுக்கு ஃபின்லே ஷீல்டு என்று பெயர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். கம்பெனியின் நோக்கம் என்ன என்று நாம் கற்பனை செய்யத் தேவையில்லை. எல்லா நாட்டிலும் எல்லாக் கம்பெனிகளும் இதையே செய்தன. சாராயத்திலிருந்தும் கூட்டம் கூடுவதிலிருந்தும் ஆட்களை விலக்கி மைதானத்தில் வைப்பது. எஸ்டேட்டின் பெயரில் ஒரு விசுவாசத்தை வளர்ப்பது. ஒரு தோட்டத்து ஆளுக்கு எதிரி பக்கத்துத் தோட்டத்து ஆளே தவிரத் துரை அல்ல என்று மெல்லப் பழக்குவது. இதை யாரும் மறைக்கவும் இல்லை. பொழுதுபோக்கு அன்று ஒரு நிர்வாகச் சாதனம்.

ஆனால் ஒரு சாதனம் அதைச் செய்தவன் நினைத்தபடியே வேலை செய்யும் என்பது நிச்சயமில்லை. மாட்டுப்பட்டி, பெரியவாரை, கன்னிமலை, நல்லதண்ணி, வாகுவாரை, சொக்கநாடு, எல்லப்பட்டி, நயமக்காடு: இவை எஸ்டேட்டுகளின் பெயர்கள். செக்ரோலில் இவை தேயிலை விளையும் பரப்பின் பெயர்கள். ஏக்கர் இத்தனை, ஆள் இத்தனை, கொழுந்து இத்தனை. மைதானத்தில் இதே பெயரைப் பதினொரு பேர் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு இறங்கும்போது அது ஊரின் பெயராகிவிடுகிறது. பஞ்சத்தில் சொந்த ஊரை விட்டு வந்தவனின் பேரனுக்கு, 'நம்ம ஊர்' என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் கிடைக்கிறது. நிலத்தில் ஒரு சென்ட்கூட அவனுக்கு இல்லை. வீடு அவனுடையது அல்ல. ஆனால் அந்தப் பெயருக்காகக் கத்துவதற்கு அவனுக்கு உரிமை இருந்தது. கம்பெனி கொடுக்க நினைத்தது விசுவாசம். தொழிலாளி எடுத்துக்கொண்டது ஊர்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. லயத்தில் ஒரு மனிதன் எண். மஸ்டரில் அவன் பெயர் கூப்பிடப்படுவது வேலைக்கு வந்தானா என்று தெரிந்துகொள்ள. மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆயிரம் பேர் அவன் பெயரைக் கூப்பிடுவது வேறு காரணத்துக்காக. ஒரே பெயர், இரண்டு குரல். மலைத்தோட்டத்துக் கால்பந்தின் சாரம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பூட்ஸ் இல்லாமல் ஆடினார்கள் என்று சொல்லி உருகுவது வழக்கம். அதில் உருக ஒன்றுமில்லை. 1911-ல் மோகன் பகான் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டை எடுத்தபோது அதன் ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் 2-1 என்று தோற்ற இந்திய அணியிலும் பலர் வெறுங்காலர்கள். அட்டை கடிக்கும் சரிவில் நாளெல்லாம் வெறுங்காலோடு ஏறி இறங்கியவனுக்கு சமதளத்தில் வெறுங்காலோடு ஓடுவது சலுகை. உண்மையான அதிசயம் காலில் இல்லை. எட்டு மணி நேரம் மருந்து அடித்துவிட்டு, கவாத்து வெட்டிவிட்டு, அதற்குப் பிறகும் ஓடுவதற்கு ஆசை மிச்சமிருந்ததே, அதில் இருக்கிறது.

4

இங்கே ஸ்வீடனுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, வேடிக்கைக்காக அல்ல.

ஓட்விடாபெரி என்பது அந்தச் சிற்றூரின் பெயர். முன்பு செம்புச் சுரங்கம் இருந்த ஊர். அதன் கால்பந்து மைதானத்துக்கு இன்றும் செம்பின் பெயர்தான். 1907-ல் குழு தொடங்கியது. ஊரில் ஒரு கம்பெனி: ஃபேஸிட். கணக்குப் போடும் இயந்திரங்களும் டைப்ரைட்டர்களும் செய்தது. ஆம், நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் ரெமிங்டனுக்கும் கோத்ரேஜுக்கும் பக்கத்தில் இருந்த அதே ஃபேஸிட்தான். ஹால்டாவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சென்னைக்குப் பக்கத்தில் பெருங்குடியில் அவர்களுக்குத் தொழிற்சாலை இருந்தது. தேனியிலும் போடியிலும் லோயர், ஹையர் என்று விரல் ஒடியத் தட்டிய பிள்ளைகளுக்குத் தங்கள் விரலடியில் ஒரு கால்பந்துக் குழு இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

கம்பெனியின் பணத்தில் அந்தச் சிற்றூர்க் குழு ஸ்வீடனின் கோப்பையை 1970, 1971-ஆம் ஆண்டுகளிலும், முதல் பிரிவின் பட்டத்தை 1972, 1973-ஆம் ஆண்டுகளிலும் வென்றது. 1973-ல் ஐரோப்பியக் கோப்பையில் பேயர்ன் மியூனிக்கைச் சந்தித்தது. முதல் ஆட்டத்தில் மியூனிக்கில் 3-1 என்று தோற்றது; திரும்ப ஆடியதில் சொந்த ஊரில் 3-1 என்று வென்றது; பெனால்டியில் கதை முடிந்தது. அந்தப் பருவத்தில் கோப்பையைத் தூக்கியது பேயர்ன்தான். ஓட்விடாபெரிக்காக அன்று இரண்டு கோல் போட்ட கோனி டோர்ஸ்டென்சனையும் பேயர்னே எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெரிய குழுக்கள் சிறிய குழுக்களிடம் தோற்காமல் தப்பினால் செய்கிற முதல் காரியம் இதுதான்.

குழு உச்சியில் நின்ற அந்த ஆண்டுகளிலேயே கீழே தரை போய்க்கொண்டிருந்தது. மின்னணுக் கணக்கு இயந்திரங்கள் வந்து, பல்சக்கரம் வைத்துக் கணக்குப் போட்ட ஃபேஸிட்டை ஓரிரு வருஷத்தில் காலாவதியாக்கின. கம்பெனி எலெக்ட்ரோலக்ஸ் கைக்குப் போயிற்று. ஆட்டக்காரர்கள் ஹாலந்துக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். குழு பிறகு பல தடவை ஏறி இறங்கி, 2015-ல் முதல் பிரிவிலிருந்தும் 2017-ல் இரண்டாம் பிரிவிலிருந்தும் விழுந்து, கீழ்ப் பிரிவுகளுக்குப் போயிற்று. ஆனால் குழு சாகவில்லை. கம்பெனி போன பிறகும் ஊர் இருந்தது. ஊர்க்காரனுக்குச் சொந்த வீடு இருந்தது. குழு ஊர்க்காரர்கள் உறுப்பினராக உள்ள சங்கமாக இருந்தது. கீழ்ப் பிரிவில் ஆடுவது என்பது அங்கே ஒரு கௌரவமான ஆயுள் முறை.

நம் நாட்டுக் கம்பெனிக் குழுக்களின் கதை வேறு. 1996-97-ல் முதல் தேசியக் கால்பந்து லீகை வென்றது பக்வாராவின் ஜே.சி.டி. மில் குழு. 2011-ல் மில் குழுவைக் கலைத்தது. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் அதற்கு ஒரு வருஷம் முன்பே மூடப்பட்டது. முதலாளி கையெழுத்துப் போட்டால் குழு இல்லை. பிரிவு பிரிவாக இறங்கிப்போகும் உரிமைகூட அவற்றுக்கு இல்லை. இறங்குவதற்கு ஒரு ஏணி வேண்டும். ஏணியின் அடியில் ஓர் ஊர் வேண்டும்.

மூணாற்றின் எஸ்டேட் குழுக்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன. அவை எந்தப் பிரிவிலும் இல்லை. எல்லாப் பிரிவுகளுக்கும் கீழே, ஒரு மலைக்குள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்பவை. ஆனால் கம்பெனியின் கைமாற்றங்களைத் தாண்டி ஆடியிருக்கின்றன. 1964-ல் ஃபின்லேயோடு டாட்டா சேர்ந்தது. 1976-ல் தோட்டங்கள் டாட்டா-ஃபின்லே வசம். 1983-ல் ஃபின்லே விலகி, டாட்டா டீ. 2005-ல் டாட்டா டீயும் நேர் நிர்வாகத்திலிருந்து விலகி, தொழிலாளர்களையும் பங்குதாரர்களாகச் சேர்த்து ஒரு புதிய கம்பெனி. இத்தனை பெயர்ப் பலகை மாறியும் ஷீல்டின் பெயர் மாறவில்லை. ஃபின்லே போய் வெகுகாலம் ஆன பிறகும் எஸ்டேட்டுகள் ஃபின்லே ஷீல்டுக்காகவே ஆடின.

இதை அடிமைப் புத்தி என்று சொல்கிறவர்கள் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் இல்லாதது போல ஃபின்லே ஷீல்டில் இப்போது ஃபின்லே இல்லை. புழங்கிப் புழங்கி ராஜாவின் தலை தேய்ந்துபோன நாணயம் அது. அதன் மதிப்பு அதை வைத்துக்கொண்டு என்ன வாங்கினார்கள் என்பதில் இருக்கிறது.

5

பள்ளத்தாக்கிலிருந்து மலைக்கு ஆள் ஏறிய எல்லா வழியிலும் கால்பந்து முளைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் தொகையில் குறைந்தவர்கள் அல்ல. விடியுமுன் ஜீப்பில் அடைந்து ஏறி, மாலையில் அதே ஜீப்பில் இறங்குகிறார்கள், அதிகமும் பெண்கள். ஏலத்தோட்டங்கள் சின்னவை, முதலாளிகள் பலர். அங்கே குழு இல்லை, ஷீல்டு இல்லை. குழு உண்டாக மனிதர்கள் இரவும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். தேயிலை தொழிலாளியை இருத்தியது. ஏலம் அவனை அனுப்பிவிடுகிறது. லயம் ஒரு கொட்டடிதான். ஆனால் அந்தக் கொட்டடி இல்லாமல் மைதானம் இல்லை. நல்லது கெட்டது என்று பிரித்து வைத்துக்கொள்ள வசதியில்லாத உண்மை இது.

1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றோடு பொழுதுபோக்கு வசதியையும் முதலாளியின் கடமைகளில் சேர்த்தது. துரை மனமிரங்கிக் கொடுத்ததாக இருந்த பந்து, சட்டப்படி வர வேண்டியதாயிற்று. ஆட்டத்தில் ஒன்றும் மாறியிருக்காது. ஆடுகிறவனின் முதுகெலும்பில் கொஞ்சம் மாறியிருக்கும்.

அந்தப் பத்தாண்டு மலைக்குச் சாதாரணமானது அல்ல. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று 1954-ல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தடையை மீறி மலைக்கு வந்த நேசமணி கைதானார். 1955-ல் பசல் அலி கமிஷன் அந்தத் தாலுகாக்களைக் கேரளத்தின் பக்கமே வைத்தது. 1956 நவம்பர் 1 அன்று போடிக்கும் மூணாற்றுக்கும் நடுவில் ஏற்கெனவே இருந்த எல்லை அப்படியே நிலைத்தது. 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் மலையேறிப் பாடினார். தம்பி ஒருவர் கூடப் போனார். இளையராஜா என்று பிறகு உலகம் அறிந்தவர். கம்பம் பள்ளத்தாக்கின் பாட்டு முதலில் பெரிய சபை கண்டது இந்தத் தோட்டங்களில்தான் என்று சொன்னால் மிகையாகாது. அதே ஆண்டு வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் செத்தார்கள்.

கட்சி, சங்கம், மொழி என்று மலை பல கூறாகப் பிளந்து கிடந்த காலத்திலும் எஸ்டேட்டுக்கு ஒரு குழுதான். ஏ.ஐ.டி.யு.சி.க்கு ஒரு பேக், ஐ.என்.டி.யு.சி.க்கு ஒரு ஃபார்வர்டு என்று வைத்துக்கொள்ள முடியாது. பந்தை யாருக்குத் தள்ளுவது என்பது ஒரு கணத்தில் எடுக்கும் முடிவு. அதற்குள் சாதியையும் சங்கத்தையும் விசாரிக்க நேரமில்லை. இதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஆட்டம் முடிந்து லயத்துக்குத் திரும்பினால் அது வாசலில் உட்கார்ந்திருக்கும். தொண்ணூறு நிமிஷம் அதை வெளியே நிறுத்திவைக்க முடிந்தது என்பதே நான் சொல்வது. நம் பல இலக்கியக் கூட்டங்களில் இதுகூட நடப்பதில்லை.

6

இந்தச் சரித்திரத்தின் பெரிய ஓட்டை பெண்கள். கொழுந்து பறித்தது அவர்கள். கம்பெனியின் லாபம் அவர்கள் விரலில் இருந்தது. ஷீல்டின் சரித்திரத்தில் அவர்கள் மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள். சங்கங்களின் சரித்திரத்திலும் அப்படியே; தலைவர்கள் ஆண்கள், சந்தா பெண்களுடையது. 2015 செப்டம்பரில் போனஸை இருபதிலிருந்து பத்து சதவிகிதமாகக் குறைத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையுமாக இருபது சதவிகிதம் திரும்பக் கிடைத்தது. பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் அந்த இயக்கம், பெம்பிளை ஒருமை, பிறகு சிதறிப்போனது வேறு விஷயம். பார்வையாளர்களாக வைக்கப்பட்டவர்கள் ஒரு தடவை மைதானத்துக்குள் இறங்கினால் ஆட்டத்தின் விதி மாறிவிடும் என்பதை அந்த ஒன்பது நாள் காட்டியது.

2020 ஆகஸ்ட் 6 இரவு நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷனில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. எழுபது பேர். பலருடைய பூர்வீகம் கயத்தாறுப் பக்கம். மூன்று நான்கு தலைமுறை மலையில் வாழ்ந்தும் மலையில் சொந்தமாகக் கிடைத்த முதல் நிலம் புதைத்த இடம்தான். ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற விதி இன்னும் இருக்கிறது. அதனாலேயே பிள்ளைகளில் ஒருவரைத் தோட்டத்தில் நிறுத்திவைத்து வீட்டைக் காப்பாற்றுகிறார்கள். வழியில்லாதவர்கள் கீழே இறங்குகிறார்கள்: போடி, தேனி, கம்பம், தெற்கே இன்னும் தூரம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு சண்டை முற்றியபோது இடுக்கித் தோட்டங்களிலிருந்து தேனிக்கு ஓடிவந்தவர்களும் உண்டு.

ஓட்விடாபெரியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இங்கே முழுதாகத் தெரிகிறது. அங்கே கம்பெனி போயிற்று, ஊர் நின்றது. இங்கே கம்பெனி ஏதாவதொரு பெயரில் நிற்கிறது, ஊர் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. எஸ்டேட்டின் பெயரைச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு இருபது வருஷம் ஆடியவன் அறுபது வயதில் அந்த ஊரில் இருக்க உரிமையற்றவன். ஆக இந்தக் கால்பந்தின் ஆவணக் காப்பகம் மூணாற்று அலுவலகத்தில் இருப்பதைவிடப் பள்ளத்தாக்கின் சந்துகளில், ஓய்வு பெற்று இறங்கியவர்களின் வீடுகளில், சுவரில் மாட்டிய குழுப்படங்களில், எந்த வருஷம் யார் பெனால்டியைத் தவறவிட்டான் என்ற தீராத சண்டைகளில் இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை போய்விட்டால் அதுவும் போய்விடும்.

மலைத்தோட்டத்தைப் பற்றி நம்மிடம் எழுத்து இல்லாமல் இல்லை. பி.எச். டேனியல் வால்பாறைப் பக்கத்து வாழ்வை 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் 1969-ல் வெளியிட்டார். அது 'எரியும் பனிக்கா'டாகத் தமிழுக்கு வந்து, 2013-ல் 'பரதேசி' என்ற சினிமாவுக்கும் அடியாயிற்று. இலங்கை மலையகத்திலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை முதல் தெளிவத்தை ஜோசப் வரை ஒரு பெரிய வரிசை உண்டு. துன்பத்தை எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். என் சங்கடம் அவர்களைப் படித்துவிட்டு நாம் செய்துகொள்ளும் முடிவு பற்றியது. தோட்டத் தொழிலாளி என்றால் அட்டைக்கடி, கங்காணி, காய்ச்சல், சாவு என்று ஒரு சித்திரத்தைச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டுவிட்டோம். அந்தச் சித்திரத்தில் அவன் ஓர் எதிரியை ஏமாற்றிப் பந்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றுவதில்லை. மாற்றிவிட்டுச் சிரிப்பதில்லை. துன்பம் மட்டுமே ஒருவனுக்குத் தகும் என்று தீர்மானிப்பது அவனை இன்னொரு செக்ரோலில் பதிவதுதான். இந்தத் தடவை பேரேடு நம் கையில்.

விளையாட்டு விடுதலை அல்ல. ஷீல்டு கூலியை ஒரு காசு உயர்த்தவில்லை. லயத்தில் ஒரு ஜன்னல் கூட்டவில்லை. ஆனால் மனிதன் தனக்குத் தேவையில்லாத ஒன்றைத் தேர்ச்சியோடு செய்யும்போதுதான் தன் தேவைகளைவிடப் பெரியவனாகிறான். கவிதைக்கு நாம் சொல்லிக்கொள்ளும் நியாயமும் இதுவேயன்றி வேறில்லை. அப்படியிருக்க அந்த நியாயத்தை நல்லதண்ணி எஸ்டேட்டின் கோல்கீப்பருக்கு மறுக்க நமக்கு என்ன வழி இருக்கிறது?

ஸ்வீடனில் தோற்ற குழு தன் தோல்வியை எழுதிவைக்கிறது என்றேன். எழுதுவதற்கு அதற்கு இருக்கும் தகுதி ஒன்றுதான்: அடுத்த ஆண்டும் ஆடும் என்ற நிச்சயம். நம் மலைக் குழுக்களுக்கு அந்த நிச்சயம் என்றும் இருந்ததில்லை. இல்லாமலே ஆடினார்கள். ஆகவே எழுதிவைக்கும் வேலை மற்றவர்கள் மேல் விழுகிறது. தேனியில், போடியில், கம்பத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்கப்பட வேண்டியவர்கள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். யார் வென்றார்கள் என்று கேட்க வேண்டாம். அது ஷீல்டிலேயே பொறித்திருக்கும். யார் யார் ஆடினார்கள் என்று கேட்க வேண்டும்.